ரேகை தேய்ந்த விரல்களுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உங்கள் பேத்தி வாசித்துக் காட்டுவாள். எறையூர் செருப்புக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, முகம் கழுவி, ஒரு வாய் காபி குடித்த பிறகு அவளை உட்கார வையுங்கள். வந்ததும் வராததுமாகக் காகிதத்தைக் கையில் கொடுக்க வேண்டாம்.

தெருவில் பார்க்கும்போது சொல்லிவிடக்கூடிய நன்றியை ஊரறிய எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஒவ்வொரு மாதக் கடைசி நாளிலும் யாராவது ஒருவர் மாலையும் சால்வையுமாக ஆபீசிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். மறுநாள் காலையை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. எனக்கு நீங்கள் சொன்னீர்கள். அதை அவர்களும் கேட்கட்டும்.

நான் கருவூலத்தில் வேலை பார்த்தவன். "பணம் எண்ணுற ஆபீசு" என்பீர்கள். பணத்தை நாங்கள் கண்ணால் பார்ப்பதே அரிது அக்கா. பட்டியல் வரும், சரிபார்ப்போம், அனுப்புவோம். கணக்குத் தலைப்பில் ஓர் எண் மாறியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பினால் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் சம்பளம் தள்ளிப்போகும். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். மார்ச் 31 என்றால் ராத்திரிச் சாப்பாடு ஆபீசில்தான். நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கிய தொகையை எடுத்துவிட வேண்டும் என்று எல்லாத் துறையும் அன்றைக்குத்தான் ஓடிவரும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஏப்ரலில் ஓய்வூதியர் நேர்காணல் தொடங்கிவிடும். முன்பெல்லாம் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் பெரியவர்கள் நேரில் வந்து, உயிரோடு இருக்கிறோம் என்று முகம் காட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். கைத்தடியோடு வருவார்கள், மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், ஆட்டோவிலேயே படுத்தபடி வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக நாங்கள் எழுந்து வாசலுக்குப் போவோம். சிலர் கையெழுத்துப் போட்ட பிறகும் எழுந்து போக மாட்டார்கள். தங்கள் காலத்து அதிகாரிகளைப் பற்றி, அன்றைய சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். பின்னால் வரிசை நீளும். அவர்கள் ஏன் அப்படிப் பேசினார்கள் என்பது அந்த வயது வந்த பிறகுதான் உறைக்கிறது.

ஓய்வு பெறும் வயது 58 ஆக இருந்தது. 2020 மே மாதத்தில் 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60. எனவே எனக்கு இரண்டு வருஷம் கூடுதலாகக் கிடைத்தது. அந்த இரண்டு வருஷமும் கூட இருந்தவர்கள் ஓய்வைப் பற்றிப் பேசாத நாளில்லை. பணிக்கொடை எவ்வளவு வரும், ஓய்வூதியத்தில் எவ்வளவை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம், காசிக்குப் போகலாமா, மகன் வீட்டோடு போய்விடலாமா என்று பேச்சு போகும். விசேஷம் எதுவுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு என்ன செய்வோம் என்று ஒருவரும் பேசியதில்லை.

அந்தப் பதினொரு மணிதான் எனக்குக் கனத்தது. காலையில் பழக்கத்தில் கண் விழித்துவிடும். குளித்துவிடுவேன். மங்களமேட்டில் பெரம்பலூர் பஸ் ஏறும் நேரம் வரைக்கும் உடம்பு பழைய கணக்கிலேயே ஓடும். அதற்குப் பிறகு ஓடுவதற்கு இடமில்லை. நாளெல்லாம் அடித்துக்கொண்டிருந்த போன் ஓய்ந்துபோயிற்று. "சார்" என்று கூப்பிட ஆளில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போகத் தொடங்கினேன்.

நம் கோட்டையை நான் பஸ் ஜன்னல் வழியாகவே அதிகம் பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். நாலுவழிச் சாலையில் கண் சிமிட்டும் நேரம். உள்ளே போய் நின்றால்தான் அதன் பருமன் தெரிகிறது. 17ஆம் நூற்றாண்டில் ஆற்காடு நவாபின் ஜாகிர்தார் ஒருவர் கட்டியது. நீள்வட்ட வடிவம், அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, ஒன்றைவிட ஒன்று உயரமாக மூன்று அடுக்கு மதில். கீழே பேட்டை, உச்சியில் கோட்டை மேடு. 1751-இல் ஆங்கிலேயர் துணையோடு முகமது அலியும் பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிபும் மோதிய வாலிகண்டபுரம் போர் இந்தப் பக்கத்தில்தான் நடந்தது. கோட்டை இப்போது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இதையெல்லாம் புத்தகம் பார்த்துப் படித்துக்கொண்டு, தினமும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் அகழிக்கு வெளியே ஆட்டை விட்டுவிட்டு நின்றிருந்தீர்கள். "என்னாத் தம்பி, தெனமும் சுத்திச் சுத்தி வர்றீங்க? எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள், "நம்ம கொல்லையிலதான் வெங்காயம் புடுங்கிக் கெடக்கு. ஆளு பத்தல. வந்து ஒக்காருங்க" என்றீர்கள். என் தம்பி பயிர் வைக்கும் எங்கள் அப்பாவின் கொல்லைக்கு, அதில் கூலி வேலை பார்க்கும் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். எனக்கு நேரம் போகவில்லையே என்று இரக்கப்பட்டுக் கூப்பிடவில்லை. வேலை இருந்தது, ஆள் வேண்டியிருந்தது, கூப்பிட்டீர்கள். அதற்கு முதல் நன்றி.

சின்ன வெங்காயத்துக்குத் தமிழ்நாட்டிலேயே நம் ஜில்லாதான் பேர்போனது. அந்த ஊரில் பிறந்துவிட்டு, சாம்பாரில் கிடக்கும் வெங்காயத்தைத் தவிர வேறொன்றும் தெரியாமல் வாழ்ந்திருக்க முடிந்தது எனக்கு. நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. பிடுங்கிய வெங்காயத்தை அப்படியே குவித்துவிடக் கூடாது. வரிசையாகச் சாய்த்துப் பரப்ப வேண்டும். ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காய்மேல் விழ வேண்டும். தாள் காய்கிற வரைக்கும் அந்த நிழலில் காய் இருக்கும். நேர் வெயில் பட்டால் வெந்துபோகும். காய்ந்த பிறகு தாளையும் வேரையும் அரிய வேண்டும். கழுத்தை ஒட்ட அரிந்தால் அழுகும், நீளமாக விட்டால் வியாபாரி விலையைக் குறைப்பான். எவ்வளவு விடுவது என்று கேட்டேன். உங்கள் பெருவிரலைக் காட்டி, நகத்தளவு என்றீர்கள். உங்கள் கை அரிவாள்மனைப் பக்கம் திரும்பிப் பார்க்காமலே ஓடியது. பேசிக்கொண்டே, வெற்றிலை மென்றுகொண்டே, எதிரே இருக்கிற பெண்ணின் மாமியாரைத் திட்டிக்கொண்டே, ஒரு கூடை நிறைந்து இன்னொரு கூடை நிறைந்தது.

பட்டறை போடுவதையும் அங்கேதான் பார்த்தேன். கல்லை அடுக்கி, தரை ஈரம் ஏறாத உயரத்தில் குச்சி பரப்பி, நாலு பக்கமும் காற்றுப் புகும்படி மறைப்புக் கட்டி, மேலே கீற்று வேய்வது. விலை இல்லாத நாளில் வெங்காயம் அதில் இருக்கும். விதைக்கு வைப்பதும் அதில்தான். விதை வெங்காயத்தை மட்டும் நீங்கள் யாரையும் தொடவிடவில்லை. கோழிக்கால் நோய் கண்ட பாத்தியை முன்பே குச்சி நட்டு அடையாளம் வைத்திருந்தீர்கள். அதிலிருந்து ஒரு காய்கூட விதைக்குப் போகக் கூடாது என்றீர்கள். அது உங்கள் நிலம் இல்லை. அடுத்த போகத்துக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்கள் என்ற உறுதியும் இல்லை. அப்படியிருந்தும் அந்தப் பயிருக்காக நீங்கள் கவலைப்பட்டதை நான் மறக்க மாட்டேன்.

அங்கே உட்கார்ந்த பிறகு பதினொரு மணி என்று ஒன்று வரவில்லை. வெயில் ஏறுகிறதா, நிழல் எந்தப் பக்கம் போகிறது, சாயங்காலம் மேகம் கட்டுமா என்பதுதான் கேள்வி. வைகாசி ஆனியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று என்று வருஷம் இரண்டு போகமாகப் பிரிந்துவிட்டது. நடுவில் மக்காச்சோளம், பருத்தி. மார்ச் 31-ஐ வைத்து வருஷத்தை எண்ணிவந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று ஆபீஸ் நண்பர்களுக்குச் சொன்னால் புரியும்.

இன்னொரு நாள் நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மத்தியானச் சோறு கொண்டு வந்த என் மனைவி தூக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் வரப்பு தாண்டும் வரை பார்த்திருந்துவிட்டு, "ஒங்களுக்கு ரிட்டயர் ஆயிடுச்சு. அந்தப் புள்ளைக்கு எப்பத் தம்பி?" என்றீர்கள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. நீங்கள் கேட்டது கேள்வி.

ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் நடக்கும் மாற்றத்தைப் பற்றி யாராவது உள்ளபடி எழுத வேண்டும். கணவர் வீட்டில் இருக்கத் தொடங்கியதும் மனைவிக்கு வேலை கூடுகிறது. முன்பு காலையில் ஒரு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்துவிட்டால் சாயங்காலம் வரைக்கும் அடுப்படி அவளுடையது. இப்போது பத்து மணிக்கு ஒரு டீ, ஒரு மணிக்குச் சுடுசோறு, நாலு மணிக்கு ஒரு காபி, இடையில் "அந்தக் கண்ணாடி எங்கே". அவளுக்குக் கிடைத்துவந்த தனி நேரத்தை நம் ஓய்வு எடுத்துக்கொள்கிறது. இப்போது காலைக் காபியும் காய் நறுக்குவதும் தண்ணீர் பிடிப்பதும் என் பொறுப்பு. இரவுப் பாத்திரமும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் திறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டுமே ஆபீஸ் நாள். ஒரு வெள்ளிக்கிழமை, அவசரமில்லாமல், இருவருமாகப் பஸ்ஸில் போய், மாவிளக்கு போட்டுவிட்டு, வெளியே மர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்தோம். காசி யோசனையை விட்டுவிட்டோம். அதற்கு வைத்திருந்த பணத்தில் அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆனது, மீதியில் கிணற்றடியில் ஒரு சிமென்ட் தளம் போட்டோம்.

இனி இந்த மடலைத் திறந்த மடலாக எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

நேர்காணலுக்கு இப்போது கருவூலத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தபால்காரத் தம்பி வீட்டுக்கே கைரேகைக் கருவியோடு வந்தார். ஆதார் எண்ணையும் ஓய்வூதிய எண்ணையும் போட்டார். விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. நான் உயிரோடு இருப்பது சில நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. அதற்கும் முடியாதவர்களுக்குப் போன் கேமராவில் முகத்தைக் காட்டினாலே போதும் என்கிற வசதியும் வந்திருக்கிறது.

அதே வாரத்தில் உங்கள் முதியோர் பணத்தைக் கொடுக்க வங்கி முகவர் வந்து கோயில் திண்ணையில் உட்கார்ந்தார். அதே மாதிரிக் கருவிதான். நீங்கள் பெருவிரலை வைத்தீர்கள், சிவப்பு. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தீர்கள், சிவப்பு. யாரோ தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தார்கள். தடவி, தேய்த்து, மறுபடி துடைத்து, ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை என்று மாற்றி மாற்றி வைத்தீர்கள். அப்போதுதான் உங்கள் விரலைப் பக்கத்தில் பார்த்தேன். நுனியில் ரேகை இல்லை. வழவழவென்று, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி இருந்தது. பிறந்த நாள் முதல் கூட இருந்த ரேகையைக் களைக்கொத்தும் வெங்காயத் தாளும் கயிறும் சாணமும் தேய்த்துவிட்டிருந்தன. என் விரலைத் திருப்பிப் பார்த்தேன். பேனா பிடித்த இடத்தில் ஒரு காய்ப்பு, அவ்வளவுதான். ரேகை எல்லாம் அச்சடித்தது போல அப்படியே இருந்தது.

1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972-இல் ஓய்வு பெற்ற டி.எஸ். நகரா என்பவர் போட்ட வழக்கு. ஓய்வூதியத்தைக் கணக்கிடும் முறையை அரசு திருத்தியபோது, 1979 மார்ச் 31 அன்றும் அதற்குப் பிறகும் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும்தான் அந்த நன்மை என்றது. அதற்கு முந்தியவர்களை விட்டுவிட்டது. ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பாகுபாட்டை ரத்து செய்தது. ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் பிச்சை அல்ல, உடம்பில் தெம்பு இருந்த காலத்தில் உழைத்ததற்குப் பிற்காலத்தில் சேர வேண்டிய உரிமை என்று அந்தத் தீர்ப்பு எழுதிவைத்தது. அந்த நாளைத்தான் நாடெங்கும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். எங்கள் சங்கக் கூட்டங்களில் அந்தத் தீர்ப்பைச் சொல்லாத ஆளில்லை. நானும் கை தட்டியிருக்கிறேன். 2003 ஏப்ரல் 1-க்கு முன்பே வேலைக்குச் சேர்ந்துவிட்டதால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறேன். கடைசிச் சம்பளத்தில் பாதியும் அகவிலைப்படியும் மாதம் தவறாமல் வருகிறது. அந்த நிம்மதியில்தான் இத்தனையும் பேசுகிறேன்.

தெம்பு இருந்த காலத்தில் உழைத்தவர் நீங்களும்தானே அக்கா? உங்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை, நூறு கொல்லைக்காரர்கள் இருந்தார்கள். பணிப்பதிவேடு இல்லை. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023-இல் 1,000 ரூபாயை 1,200 ஆக்கினார்கள். அந்த நல்ல திட்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எத்தனையோ கிழவிகளுக்கு மருமகளிடம் கை நீட்டாமல் வெற்றிலை பாக்கு வாங்கும் மரியாதையைக் கொடுத்த பணம் அது. ஆனால் உங்களுடையதை "ஆதரவற்றோர்" என்ற பெயரில் தருகிறார்கள், என்னுடையதை உரிமை என்ற பெயரில் தருகிறார்கள். ஓய்வூதியம் என்பது செய்த வேலைக்கு என்றால், பெரம்பலூர் வெங்காயத்தைத் தின்று வளர்ந்த ஒவ்வொரு வீடும் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. இதை நான் அடுத்த ஓய்வூதியர் தினக் கூட்டத்தில் மேடையேறிச் சொல்லப் போகிறேன். எங்கள் சங்கம் எங்களுக்காக மட்டும் மனுக் கொடுத்தால் போதாது.

அன்றைக்குத் திண்ணையில் நீங்கள் வருத்தப்படவில்லை. "அடுத்த வாரம் வந்து பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டீர்கள். மறுநாள் உங்களை ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய்ப் பத்து விரலையும் கண்ணையும் புதிதாகப் பதியவைத்ததை நீங்கள் ஊரெல்லாம் பெரிதாகச் சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகுதான் என் வீட்டுத் திண்ணைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதியோர் பணத்துக்கு விண்ணப்பம், விதவைச் சான்று, வாரிசுச் சான்று, பட்டாவில் பெயர் மாற்றம். இ-சேவையில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் என்று எந்த மேசைக்கு எப்போது போகும் என்பது எனக்குத் தெரியும். எந்தத் தாள் இல்லாவிட்டால் திருப்புவார்கள் என்பது இன்னும் நன்றாகத் தெரியும். ஆயுசெல்லாம் திருப்பி அனுப்பியவன் ஆயிற்றே. பட்டியலில் ஒரு பிழை கண்டுபிடிக்கப் பழகிய கண், இப்போது ஒரு கிழவியின் மனுவில் பிழை வராமல் பார்க்கிறது. என் வேலைக்கு இப்படி ஓர் உபயோகம் இருக்கிறதென்று கண்டுபிடித்தது நீங்கள்தான்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு தடவை மருத்துவத் தன்னார்வலர் வீடு தேடி வந்து பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். உங்களுக்கும் எனக்கும் ஒரே மாத்திரைதான், நீங்கள்தான் விட்டு விட்டுச் சாப்பிடுகிறீர்கள். கல்யாண மண்டபங்களுக்குப் போவது குறைந்திருக்கிறது, சாவு வீட்டுக்குப் போவது கூடியிருக்கிறது. அங்கே கடைசி வரைக்கும் இருக்கிறேன். முன்பு மாலை போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடுவேன். கோட்டைக்கு இப்போதும் போகிறேன். எந்த மதிலோரம் எந்தப் பூண்டு முளைக்கும், ஆடு எதைத் தின்னாது என்று நீங்கள் காட்டியதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். ஜாகிர்தாரைப் பற்றி எழுதியவர்கள் அதை எழுதவில்லை.

புதன்கிழமை வேப்பந்தட்டைக்குப் போகிறேன். உங்கள் செட்டில் வேலை செய்யும் காது மந்தமான பெரியம்மாவின் மனுவைப் பதிந்துவிடலாம். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், போட்டோ ஒன்று. ஆதாரில் அவர்கள் பிறந்த வருஷம் தப்பாக விழுந்திருக்கிறது. பெரியம்மாவின் மூத்த மகளைவிட அவர்களுக்கு வயது குறைவு என்று காட்டுகிறது. பழைய வாக்காளர் அட்டை பெட்டியில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள், அது இருந்தால் வேலை எளிது. காலை ஒன்பது மணிக்கு மங்களமேட்டில் நிற்கிறேன். நீங்களும் கூட வந்தால் நல்லது, அவர்களுக்கு நான் பேசுவது கேட்பதில்லை, உங்கள் குரல் கேட்கிறது.

அன்புடன்,
கோட்டைத் தெருத் தம்பி,
ரஞ்சன்குடி